டிசம்பர் தாள் காலியாக இருக்கிறது

1

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு காலண்டரிலிருந்து கிடைத்தது. கிடைத்தது என்ன கிடைத்தது, திருடியதுதான். காலண்டர் ரஞ்சிதத்துடையது. அதை அச்சடித்துத் தருவதாகச் சொன்னவன் நான்.

மலைமேல் இருக்கிற கம்போங் ராஜாவில் பெரிய சாலையைப் பார்த்த மாதிரி என் அச்சுக்கடை. கல்யாண அழைப்பிதழ், காதுகுத்து பேனர், கோவில் ரசீது, கருமக்கிரியைக் கார்டு எல்லாம் ஒரே மிஷினில்தான் வருகின்றன. ஓய்ந்த நேரத்தில் கதை எழுதுவேன். ஊரில் பாதிப்பேருக்கு இது தெரியாது. தெரிந்த மீதிப்பேர் என்னை மன்னித்துவிட்டார்கள்.

நவம்பர் கடைசியில் ரஞ்சிதம் ஒரு பென்டிரைவோடு வந்தாள். வயது நாற்பத்தெட்டு. மேலே தேயிலைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்தவள். இந்த வருடம் வீட்டில் நடந்ததையெல்லாம் மாதத்துக்கு ஒரு படமாகப் போட்டு, அடுத்த வருடத்துக்கு ஒரு காலண்டர் வேண்டும் என்றாள். சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதற்காம்.

"பதினொண்ணு இருக்குண்ணே. டிசம்பர் தாள மட்டும் சும்மா விடுங்க. ரூபினி கல்யாணப் படம் வந்ததும் போட்டுக்கலாம்லா."

அந்தக் கல்யாணம் இன்று. சனிக்கிழமை, காலை பதினொரு மணி முகூர்த்தம், ஈப்போவில். இப்போது மாலை நான்கு. காலையில் என் கடை வாசலிலிருந்துதான் கிளம்பினார்கள். தாலி கட்டியதும் முதல் படம் எனக்குத்தான் என்று சொன்னார்கள். படம் இன்னும் வரவில்லை. கை சும்மா இருந்தால் பயம் ஏறுகிறது, அதனால் எழுதுகிறேன்.

2

மூன்று விதமாக ஆரம்பித்துப் பார்த்தேன்.

"மூடுபனி மலையைப் போர்த்தியிருந்த ஒரு காலைப் பொழுதில்..." வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பனியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எங்களுக்கு அது துணி காயாத தொல்லை, அவ்வளவுதான்.

"ரஞ்சிதம் எதற்கும் பயந்தவள் அல்ல..." பச்சைப் பொய். அடித்துவிட்டேன்.

"ரஞ்சிதத்தின் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது, அது..." இது பாதியில் நிற்கிறது. இதை முடிக்க வேண்டுமென்றால் நீங்கள் முதலில் படங்களைப் பார்க்க வேண்டும்.

3

வீட்டில் நான்கு பேர். ரஞ்சிதம். அவள் கணவர் திருச்செல்வம், தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மூத்தவள் ரூபினி, ஈப்போவில் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறாள். இளையவன் தனேஸ், பக்கத்து ஊர் திரிங்காப்பில் பூத்தோட்டத்து வேலை.

ஜனவரித் தாளில் பொங்கல். தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் பானை பொங்கி வழிகிறது. ரூபினி இல்லை. பிப்ரவரியில் தைப்பூசம். தலையில் பால்குடத்தோடு ரஞ்சிதம், பக்கத்தில் கணவரும் மகளும். தனேஸ் இல்லை. படம் பிடித்த ஆள் படத்தில் இருக்கமாட்டார், இதில் என்ன அதிசயம் என்று நானும் மவுஸைத் தட்டிக்கொண்டே போனேன்.

ஏப்ரல் வந்தது. ரூபினியின் நிச்சயதார்த்தம். ஸ்டூடியோக்காரர் எடுத்த படம், வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும். தட்டு மாற்றுகிறார்கள். பெண்ணைப் பெற்றவர் உட்கார வேண்டிய இடத்தில் அவளுடைய சித்தப்பா உட்கார்ந்திருக்கிறார்.

"தங்கச்சி, திருச்செல்வம் எங்க?"

"வீட்லண்ணே. அன்னிக்கு அவரு முறை."

"என்ன முறை?"

ரஞ்சிதம் அடுத்த படத்தைக் காட்டினாள். மே மாதம், திருச்செல்வத்தின் கடைசி வேலைநாள், மேனேஜர் மாலை போடுகிறார். ஜூனில், வேலை முடிந்ததால் லயத்து வீட்டைக் காலி செய்து, திரிங்காப்பில் வாடகை வீட்டுக்கு வந்து பால் காய்ச்சுகிறார்கள். குடும்பத்தலைவி இல்லாமலேயே பால் பொங்குகிறது. ரஞ்சிதம் அன்று லயத்து வீட்டிலேயே தங்கிவிட்டு, சாமான் லோரி திரும்பி வந்த பிறகுதான் புது வீட்டுக்கு வந்தாளாம்.

பதினொரு படத்தையும் எண்ணினேன். எல்லாவற்றிலும் மூன்று பேர்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இதுக்கு ஏன் கவலப்படுற? இல்லாத ஆள வேற படத்துலேருந்து வெட்டி இதுல ஒட்டிர்றேன். அஞ்சு நிமிசத்து வேல" என்றேன்.

ரஞ்சிதம் எட்டி என் கையைப் பிடித்துவிட்டாள். மவுஸ் கீழே விழுந்தது.

"ஐயோ, வேணாம்ண்ணே! படத்துலகூட வேணாம்!"

4

இங்கிருந்து நான் அவள் மனதுக்குள் போகப்போகிறேன். அவளிடம் அனுமதி கேட்கவில்லை. கதை எழுதுகிறவர்கள் செய்கிற அயோக்கியத்தனங்களில் இது முதலாவது.

முப்பத்தேழு வருடத்துக்கு முன், ரஞ்சிதத்துக்குப் பதினொரு வயது. அம்மை போட்டிருந்தது. அவளைப் பக்கத்து வீட்டு மணியம்மாவிடம் விட்டுவிட்டு, அப்பா, அம்மா, அண்ணன், தம்பி நான்கு பேரும் தோட்டத்து லோரியில் ஏறித் திருவிழாவுக்குப் போனார்கள். அண்ணன் அவளுக்கு வளையல் வாங்கி வருவதாக... [வளையல் என் சொந்தச் சரக்கு. அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. எடுத்துவிடுகிறேன்.]

லோரி ஒரு வளைவில் புரண்டது. அந்த வீட்டுக்கு யாரும் திரும்பி வரவில்லை.

பத்திரிகைக்காரர்கள் படம் கேட்டு வந்தார்கள். வீட்டில் இருந்தது ஒரே படம், ஐந்து பேரும் சேர்ந்து எடுத்தது. மணியம்மா அதைக் கழற்றிக் கொடுத்தாள். மறுநாள் பேப்பரில் நான்கு பேர் வந்தார்கள்.

"ஓரத்துல நான் நின்னேண்ணே. என்னைய மட்டும் வெட்டிட்டுப் போட்டுட்டாங்க. எங்கம்மா கை மட்டும் தனியா நின்னுச்சு, அது எந்தோள்ல இருந்த கை."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் எழுந்து போய் மிஷினுக்கு மை இருக்கிறதா என்று பார்த்தேன்.*

இப்போது அந்தப் பாதி வாக்கியத்தை முடித்துவிடலாம். ரஞ்சிதத்தின் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது: நாலு பேரும் ஒரே காடியில் ஏறக்கூடாது, நாலு பேரும் ஒரே படத்தில் நிற்கக்கூடாது. எங்கே போனாலும் ஒருவர் வீட்டில் தங்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு வண்டியில் வர வேண்டும். யார் முறை என்று பனிப்பெட்டிக் கதவில் ஒரு பட்டியல் உண்டு. எல்லா வீட்டுப் பனிப்பெட்டியிலும் அப்படி ஒன்று இருக்கும் என்று ஆறு வயதுவரை தனேஸ் நினைத்துக்கொண்டிருந்தானாம்.

* கருமக்கிரியைக் கார்டுக்கு மாதிரி ஒன்று கடையில் வைத்திருக்கிறேன். அதில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மாதிரி' என்றுதான் போட்டிருக்கிறேன். உயிரோடு இருக்கிற யார் பெயரையும் அந்தக் கட்டத்தில் அடித்துப் பார்க்க மாட்டேன். ரஞ்சிதத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதியில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

5

ஆகஸ்டுத் தாளில் பினாங்குக் கடற்கரை வந்திருக்க வேண்டும். வந்திருப்பது ஆஸ்பத்திரிக் கட்டில்.

வேலையெல்லாம் முடிந்த கையோடு திருச்செல்வம் ஆசைப்பட்டது அந்த ஒரு பயணம்தான். மூன்று பேர் காரில் போனார்கள். தனேஸ், சட்டப்படி, பின்னால் மோட்டார் சைக்கிளில். காய்கறி லோரிகள் சிந்திவிட்டுப் போன மண் சாலையில் கிடந்தது, மேலே தூறல் வேறு. ஒரு இறக்கத்தில் மோட்டார் வழுக்கி, அவன் ஓரத்துக் கால்வாய்க்குள் போய்விட்டான்.

முன்னால் போனவர்களுக்குத் தெரியாது. மலையடிவாரத்துச் சிம்பாங் பூலாய் வரை போய், டீ வாங்கி, அவனுக்கும் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். டீ ஆறியது. ஃபோன் எடுக்கவில்லை. திரும்பி மேலே ஏறி, ஒவ்வொரு வளைவிலும் இறங்கி, "தனேசு! தனேசு!" என்று ரஞ்சிதம் கத்திக்கொண்டே வந்தாள். இரண்டு மணி நேரம் அவன் அந்தக் கால்வாயில் தனியாகக் கிடந்திருக்கிறான். காலில் இப்போது பிளேட்டு இருக்கிறது. நொண்டித்தான் நடக்கிறான்.

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வருகிறது. தன் சட்டம்தான் மகனைக் கால்வாயில் தள்ளியது என்று பார்த்த பிறகும் ஒரு தாய் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பாளா? கதையில் இப்படி எழுதினால் நீங்கள் நம்புவீர்களா? நான் கற்பனை செய்திருந்தால் அன்றைக்கே அவள் பட்டியலைக் கிழித்துப் போட்டிருப்பாள். உண்மையில் ரஞ்சிதம் செய்தது, பட்டியலின் அடியில் 'மோட்டார் கூடாது' என்று ஒரு வரி சேர்த்ததுதான். ஆஸ்பத்திரிப் படத்தையும் காலண்டரில் போடச் சொன்னவள் அவளேதான். கட்டிலில் தனேஸ், இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் திருச்செல்வம். ரூபினியைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டாள்.

சேர்ந்து போனால் பயம், பிரிந்து போனாலும் பயம். அந்த வீட்டில் பயமில்லாத ஏற்பாடு என்று ஒன்று பாக்கி இல்லை.

6

நேற்று சாயந்திரம் ரூபினி கடைக்கு வந்தாள், மண்டப வாசலில் வைக்கிற வரவேற்புப் பலகையை வாங்க. திட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலையில் அவளும் அப்பாவும் தம்பியும் பூத்தோட்டத்து முதலாளியின் வேனில் போவார்கள். ரஞ்சிதம் தனியாக என் கடைக்கு வந்து நிற்பாள், சித்தப்பா வந்து தன் காரில் ஏற்றிக்கொள்வார்.

"மாமா, சித்தப்பா வரமாட்டாரு. இன்னிக்கே கீழ போகச் சொல்லிட்டேன். அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

"அடிப்பாவி! உங்கம்மா அடம்பிடிச்சு வராமப் போச்சுன்னா?"

"மாப்பிள்ள வீட்ல நிச்சயத்துக்கே என்னென்ன பேசினாங்க தெரியுமா? தாரை வார்க்க அப்பா அம்மா ரெண்டு பேரும் நிக்கணும், பொரி போடத் தம்பி வேணும். நாலு பேரும் மேடையில நிக்கணும் மாமா. எனக்கு ஒரு படமாவது வேணும். ஒண்ணே ஒண்ணு. நீங்களும் வாங்களேன், வேன்ல இடம் இருக்கு."

அவசர வேலை இருக்கிறது என்றேன். அது பொய். நான்கு நாளாக விடாத மழை. எனக்குப் பயம்.

இன்று காலை ஆறரைக்கு ஒரு காய்கறி லோரியிலிருந்து ரஞ்சிதம் இறங்கினாள். பட்டுப்புடவை பையில், தலையில் மல்லிகை. பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. வெள்ளை வேன் வந்து நின்றது. திருச்செல்வம் ஓட்டி வந்திருந்தார். தனேஸ் இறங்கிக் கதவைத் திறந்து வைத்தான்.

"நீங்க ஏன் நிப்பாட்டினீங்க? போய்க்கிட்டே இருங்கலா. சித்தப்பா இப்ப வந்துருவாரு."

"வரமாட்டாரும்மா" என்றாள் ரூபினி. "நேத்தே போய்ட்டாரு. நான்தான் போகச் சொன்னேன்."

ரஞ்சிதம் திரும்பி என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

நான் பேப்பர் வெட்டும் கத்தியைப் பார்த்தேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"சரி, நீங்க கிளம்புங்க. நான் பஸ்ஸுல வரேன்."

"பஸ் மத்தியானம்தாம்மா. தாலி பதினோரு மணிக்கு."

"தாலிய மாப்பிள்ளதான் கட்டப்போறாரு, நானா கட்டப்போறேன்? போடீ, நேரமாகுது!"

தனேஸ் நொண்டிக்கொண்டே அவள் முன்னால் வந்து நின்றான்.

"ஒருத்தர் தங்கணும், அதானம்மா? யாருன்னு நீயே சொல்லு. அக்காவா? அவளுக்குத்தான் கல்யாணம். அப்பாவா? நிச்சயத்துக்கே தங்கிட்டாரு. நானா? போன தடவ தனியா வந்துதான் கால ஒடச்சிக்கிட்டேன். பேரச் சொல்லு. நாங்க போய்ச் சேரலன்னா யாரு மிச்சம் இருக்கணும்?"

"வாயக் கழுவுடா!" என்று கத்தினாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "நான் இருக்கேன். நான் தங்குறேன்னு சொல்றேன்ல!"

அப்போது திருச்செல்வம் பேசினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"முப்பத்தேழு வருசமா நீதான் தங்கிக்கிட்டு இருக்க, ரஞ்சி. போதும். ஏறு."

ரஞ்சிதம் புடவைப் பையை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள். பிறகு வேனுக்குள் ஏறிவிட்டாள். ஏறியதும் கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. அங்கேயே நின்றுவிட்டது. தன்னை அவள் எண்ணவே இல்லை.

"நாலும்மா" என்று ரூபினி அவள் சுண்டுவிரலைப் பிடித்து மடக்கிவிட்டாள். மணப்பெண் அழுதுகொண்டிருந்தாள், கண் மை வேறு கரைந்துகொண்டிருந்தது.

அது பழைய வேன். வெளியிலிருந்து தள்ளினால்தான் கதவு சாத்திக்கொள்ளும். தனேஸ் ஏறிய பிறகு வெளியில் நின்றவன் நான் மட்டும்தான்.

"கதவச் சாத்துங்கண்ணே" என்றாள் ரஞ்சிதம். "நல்லாத் தள்ளிச் சாத்துங்க."

நான் தள்ளினேன். சாத்திக்கொண்டது.

7

இனி முடிவு. எழுதுகிறவனுக்கு முடிவெழுதும் உரிமை இருக்கிறது என்கிறார்கள். நானும் முயற்சி செய்தேன்.

முதல் முடிவு: ரஞ்சிதம் ஏறவில்லை. நாற்காலியை நிமிர்த்திப் போட்டு, மத்தியானம் வரை என் கடையில் உட்கார்ந்திருந்தாள். நான் டீ வாங்கித் தந்தேன். இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும், அவள் கண் முன்னால் இருந்திருப்பாள். ஆனால் அவள் ஏறிவிட்டாள். நானே பார்த்தேன்.

இரண்டாவது முடிவு: ஒன்பது மணிக்குள் ஈப்போ. மேளம் கொட்டுகிறது. தனேஸின் ஃபோன் சந்தனக் கிண்ணத்தில் விழுந்துவிடுகிறது, அதனால்தான் படம் வரவில்லை. மேடையில் நாலு பேரும் நிற்கிறார்கள். "சிரிங்கம்மா" என்கிறார் படம் எடுப்பவர். ரஞ்சிதத்துக்குச் சிரிக்கத் தெரியவில்லை, இருந்தாலும்... இதையும் நிறுத்திவிட்டேன். நல்லதை முன்கூட்டியே எழுதி வைத்தால் கண்ணேறு பட்டுவிடுமோ என்று இருக்கிறது. பாருங்கள், அவள் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

மூன்றாவது: "எட்டு மணி வாக்கில், சாலையின் மேல்பக்கத்து மண்..." அடித்தேன். அடித்தது போதாதென்று தாளைக் கிழித்தேன். கிழித்ததைக் குப்பையில் போடவும் மனமில்லாமல் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

ஏன் கிழித்தேன் என்றால், பன்னிரண்டு மணிக்கு எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி வந்தது. யார் குரலோ தெரியவில்லை. கீழே போகிற சாலையில் மண் சரிந்திருக்கிறதாம், ஒரு வெள்ளை வேன் என்றது அந்தக் குரல். இங்கே பூத்தோட்டத்து வேன்கள் எல்லாமே வெள்ளைதான். மழை நாளில் இப்படிப்பட்ட செய்தி வாரத்துக்கு ஒன்று வரும், பாதி பொய்யாக இருக்கும். எதிர்ச் சந்து டீக்கடை நசுருதீன் பாயிடம் போய்க் கேட்டேன். "ரோடு ஒரு பக்கம் தொறந்துதான் இருக்காம்ண்ணே, சும்மா பயப்படாதீங்கலா" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவேளை பால் பொங்கிக்கொண்டிருந்திருக்கலாம்.

தனேஸுக்கு அனுப்பிய என் செய்தியில் ஒற்றை டிக்தான் இருக்கிறது. திருச்செல்வத்தின் எண் அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. கல்யாண மேளத்தில் யாருக்குக் கேட்கும்? மண்டபத்தின் எண்ணும் எனக்குத் தெரியும், அழைப்பிதழில் அடித்தவனே நான்தானே. இன்னும் கூப்பிடவில்லை. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். மறுமுனையில் யாராவது எடுத்து, "பெண் வீட்டார் இன்னும் வரலியே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்?

வேனில் எனக்கு ஓர் இடம் இருந்தது. நான் போகவில்லை. இன்றைக்குத் தங்கியவன் நான்.

பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, உடம்பெல்லாம் அம்மையோடு, லோரிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு எப்படிப் படுத்திருப்பாள் என்று நான்காம் பகுதியை எழுதியபோது எனக்குத் தெரியாது. ஏதோ பெரிதாக வளையல் என்றெல்லாம் எழுதப் போனேன். இப்போது தெரிகிறது. சாலையில் எந்த வண்டி வந்தாலும் எழுந்து எழுந்து உட்காருகிறேன்.

8

கணினித் திரையில் டிசம்பர் தாள் திறந்திருக்கிறது. மேலே வெள்ளைக் கட்டம், கீழே முப்பத்தொரு தேதிகள்.

இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் ஒருமுறை அதிர்ந்தது. தனேஸின் எண். ஒரு படம். இங்கே சிக்னல் சரியில்லாததால் முழுதாக இறங்கவில்லை. மஞ்சளும் சிவப்புமாக ஏதோ கலங்கித் தெரிகிறது, நடுவில் ஓர் அம்புக்குறி. அதைத் தொட்டால் படம் தெளிந்துவிடும். மேடையில் எடுத்ததாக இருக்கலாம். காலையில் வேனுக்குள் எடுத்து, அப்போது போகாமல் இப்போதுதான் வந்து சேர்ந்ததாகவும் இருக்கலாம். அவன் ஃபோனிலிருந்து வேறு யாராவது அனுப்பியதாக... வேண்டாம்.

காலையில் ஒரு கதவை நான் சாத்தியாகிவிட்டது. ஒரே நாளில் இன்னொன்றையும் என் கையால் செய்ய முடியாது.

இந்தாருங்கள், ஃபோனைப் பிடியுங்கள். நான் மிஷின் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். நீங்கள் தொடுங்கள். முதலில் பின்னால் மண்டபம் தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் எண்ணுங்கள். நாலு என்றால் சத்தமாகச் சொல்லுங்கள், மழைச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்காது. மூன்று என்றால் உடனே சொல்லிவிடாதீர்கள். கடை விளக்கைப் போட்டுவிட்டு, அந்த நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, பிறகு சொல்லுங்கள்.

அவசரப்பட வேண்டாம். ஒன்று மட்டும், எண்ணும்போது ரஞ்சிதத்தையும் சேர்த்து எண்ணுங்கள். அவள் தன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டாள்.